கடல் தாண்டும் செவிலியர்க்கு ஒரு வார்த்தை

(அனுமந்தைப் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார், இளம்பெண்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஊசியும் மருந்துமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவள். யூபிலி விழாவுக்கு ஏதாவது பேச வேண்டும் என்று சாமியார் சொல்லியனுப்பியபோது, "எனக்கு என்ன தெரியும் சாமி?" என்றேன். "உன் வீட்டுத் திண்ணையில் தினம் என்ன பேசுகிறாயோ அதையே பேசு" என்றார். ஆகவே திண்ணையில் பேசுவதையே இங்கே பேசுகிறேன்.

நான் ஊர் திரும்பிய நாள் முதல் என் வீட்டுக்கு வருகிற பெண்பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அக்கா, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு நல்ல ஏஜெண்ட் யார்?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தவறு என்பது என் தாழ்மையான கருத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நான் படித்த படிப்பை அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்ளுமா? ஏற்றுக்கொள்ள நான் இன்றைக்கு, இந்த ஊரில் இருந்துகொண்டே, என்ன செய்து வைக்க வேண்டும்?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவளை எந்தத் தரகனும் ஏமாற்ற முடியாது. பதில் தெரியாதவளை எந்த நல்ல ஏஜெண்டும் காப்பாற்ற முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நாம் உப்பளத்து மக்கள். உப்பு எப்படி விளைகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உவர்நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியில் வெயிலில் காயவிட்டு, நீர் கெட்டியான பிறகு அடுத்த பாத்திக்குத் திறந்து, அதன் பிறகே உப்புப் பூக்கும். அவசரப்பட்டு ஒரு பாத்தியைத் தாண்டி நீரைத் திறந்துவிட்டால் கடைசிப் பாத்தியில் தண்ணீர்தான் நிற்கும், உப்பு நிற்காது. வெளிநாட்டு நர்சு வேலையும் அப்படியே. படிப்பு ஒரு பாத்தி, பதிவு ஒரு பாத்தி, அனுபவம் ஒரு பாத்தி, மொழி ஒரு பாத்தி, தேர்வு ஒரு பாத்தி. தரகன் வந்து, "நடுவில் இருப்பதெல்லாம் வேண்டாம், நேரே கடைசிப் பாத்திக்குப் போய்விடலாம்" என்பான். அப்படிப் போனவர்களின் கண்ணீர்தான் உப்பாக மிஞ்சியது.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா உப்புக் கூடை சுமந்தவர். காலெல்லாம் உப்பில் வெந்து வெடித்திருக்கும். என் தம்பி பிறந்தபோது புதுச்சேரி குளூனி ஆஸ்பத்திரியில் வெள்ளை உடை உடுத்திய நர்சுகளைப் பார்த்து, "என் பொண்ணும் நிழலில் நின்று வேலை செய்ய வேண்டும்" என்று நேர்ந்துகொண்டார். 1987-இல் நான் பயிற்சி முடித்தேன். சில ஆண்டுகள் உள்ளூரில் வேலை பார்த்துவிட்டு, 1992-இல் சவுதி அரேபியாவுக்குப் புறப்பட்டேன். புறப்பட்டேன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அதற்கு முன் எட்டு மாதம் சென்னையில் காத்துக்கிடந்தேன். காரணம் என்ன தெரியுமா? என் பெயர்!

ஞானஸ்நானப் பதிவேட்டில் எனக்கு ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிக்கொண்டது வேறு பெயர். நர்சிங் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் சேர்த்து நீளமாக ஒரு பெயர். நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் தரகனுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகிக்கொண்டு நான்கு ஆண்டு அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தார். பெரியவர்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

2002-இல் இங்கிலாந்து போனேன். அந்த ஆண்டுகளில் அங்கே நர்சுப் பற்றாக்குறை அதிகம். இந்தியாவிலிருந்து ஏராளமானோரை எடுத்தார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் சில மாதம் மேற்பார்வையில் பயிற்சி முடித்தால்தான் அந்நாட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறும். அந்தப் பயிற்சி தருவதாகச் சொல்லி என்னை அழைத்துப் போன முதியோர் இல்லம் ஒன்றில், மாதக்கணக்கில் துடைப்பதும் துவைப்பதுமாக வேலை வாங்கினார்களே தவிர, பயிற்சி தொடங்கவில்லை. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள நான், ஒரு மாத்திரையைக்கூட என் கையால் கொடுக்க அனுமதியில்லை. விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்து, கவுன்சிலுக்கு நானே கடிதம் எழுதி, வேறிடத்தில் பயிற்சி முடித்து, 2003-இல் என் பதிவு எண் வந்தது. அன்றைக்கு எனக்குத் தெளிந்த உண்மை இது: என் திறமை என் கையில் இருந்தது, ஆனால் அதற்கு அத்தாட்சி பிறர் கையில் இருந்தது. நீங்கள் அந்த நிலைக்கு ஆளாகக் கூடாது என்பதற்காகவே பேசுகிறேன்.

இனி பாத்தி பாத்தியாக வருவோம்.

முதலாவது, படிப்பு. நம் மாநிலத்தில் செவிலியர் பதிவு புதிய விஷயமல்ல. 1926-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் சட்டம் வந்துவிட்டது. 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. 2023-இல் தேசிய செவிலியர், தாதியர் ஆணையச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இந்த வரிசையில் அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தால்தான் மாநிலக் கவுன்சிலில் பெயர் பதிவாகும். மாநிலக் கவுன்சிலில் பெயர் இல்லாதவளை வெளிநாட்டுக் கவுன்சில்கள் பொதுவாக நர்சாக ஏற்பதில்லை. இதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.என்.எம். என்பது மூன்று ஆண்டு. பி.எஸ்.ஸி. நர்சிங் நான்கு ஆண்டு. ஜி.என்.எம். முடித்தவர்கள் மேலும் இரண்டு ஆண்டு படித்துப் பட்டம் பெறலாம். தமிழ்நாட்டில் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இவையல்லாமல், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், "ஓராண்டில் நர்சிங், நூறு சதவீதம் வேலை" என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அதற்கும் நர்சிங் கவுன்சிலுக்கும் சம்பந்தமில்லை. அதை முடித்தவள் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருக்கலாம். பதிவு பெற்ற நர்சாக முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படியொரு சான்றிதழைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். தடித்த அட்டை, தங்க எழுத்து. அவள் அப்பா கட்டுமரத்து வலையை விற்றுப் பணம் கட்டியிருந்தார். "அக்கா, இதை வைத்துத் துபாய் போகலாமா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "இது செல்லாது கண்ணு" என்று சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அந்தத் திண்ணை அறியும். ஆகவே பெற்றோரே, பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பள்ளியின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். கட்டணம் ஒரு தம்ளர் மோர்.

இரண்டாவது, பெயரும் காகிதமும். வெளிநாட்டுக் கவுன்சில் நீங்கள் காட்டும் சான்றிதழை மட்டும் பார்த்து நம்பிவிடாது. நீங்கள் படித்த கல்லூரிக்கும், பதிவு செய்த கவுன்சிலுக்கும், வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் நேரே எழுதிக் கேட்கும். வளைகுடா நாடுகளில் இதற்கென்றே டேட்டாஃபுளோ போன்ற சரிபார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்று இடத்திலிருந்தும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே பதிவு எண் வர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

இதில் நம் தமிழர்க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட்டுக்காரர்கள் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். ரியாத்தில் பத்து ஆண்டும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் மாதம், "அவர் அனுமந்தையில் இருக்கிறார்" என்று சொல்ல வாய் வரும்! நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கோயிலில் மரியம்மாள், பள்ளியில் மேரி, ரேஷன் அட்டையில் செல்லப் பெயர்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பாஸ்போர்ட்டிலும், ஆதாரிலும், நர்சிங் பதிவிலும் இருக்கும்படி இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுச் சரிசெய்யலாம். படிக்கும் காலத்தில் செய்தால் அது சின்ன வேலை. கடன் வாங்கிய பிறகு செய்தால் ஒவ்வொரு நாளும் வட்டி.

காகிதத்தைப் பத்திரமாக வைப்பதும் படிப்பில் ஒரு பகுதியே. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் நம் கரையோரம் வந்தபோது எத்தனை வீட்டில் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது! அசலைப் பிளாஸ்டிக் உறையில் உயரத்தில் வையுங்கள். நகலை டிஜிலாக்கரிலும் வையுங்கள். அசல் சான்றிதழை எந்த ஏஜெண்டிடமும் விட்டுவைக்காதீர்கள். கொடுத்தால் திரும்ப வாங்குவதற்கே ஒரு விலை சொல்வார்கள். வேலைக்குப் போன இடத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அது இந்திய அரசின் சொத்து. முதலாளியின் பெட்டிக்குள் இருக்க வேண்டியதல்ல.

மூன்றாவது, அனுபவம். படிப்பு முடிந்த மறுநாளே விமானம் ஏற முடியாது. பல நாடுகளும் பல மருத்துவமனைகளும் ஓராண்டு, ஈராண்டு ஆஸ்பத்திரி அனுபவம் கேட்கின்றன. சிறிய நர்சிங் ஹோம்களில் கையில் சம்பளம் கொடுத்துவிட்டு எந்தக் காகிதமும் தராமல் விட்டுவிடுகிறார்கள். தங்கைமார்களே, சேருகிற அன்றே நியமன ஆணை கேளுங்கள். மாதாமாதம் சம்பளச் சீட்டு கேளுங்கள். விலகும்போது, எந்த வார்டில், எத்தனை நாள், என்ன வேலை என்று எழுதிய அனுபவச் சான்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "வேலை பார்க்காமலே அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் அந்த வாசற்படியே மிதிக்காதீர்கள். சரிபார்க்கும்போது பொய் வெளிப்பட்டால் அந்த நாட்டுக் கதவு மூடிக்கொள்ளும். அது ஒருபுறம் இருக்கட்டும். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி நோயாளியின் தலைமாட்டில் நிற்பவள், யாருடைய உயிரோடு விளையாடுகிறாள்?

நான்காவது, மொழியும் தேர்வும். இது நாட்டுக்கு நாடு மாறும்.

சவுதி, துபாய், அபுதாபி முதலிய இடங்களில் அந்தந்த ஆணையம் கணினித் தேர்வு வைக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பும் தேர்வும் முடிந்தால்தான் உரிமம். சிங்கப்பூரில் சிங்கப்பூர் நர்சிங் போர்டு பதிவு செய்கிறது.

இங்கிலாந்தில் நர்சிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சில். முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5, மொத்தத்தில் 7 வேண்டும். மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வும் எழுதலாம். பிறகு நம் நாட்டிலேயே எழுதக்கூடிய கணினித் தேர்வு. அதன் பிறகு அங்கே போய் ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு. இவ்வளவும் தேறினால் பதிவு எண்.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு. அதை இந்தியாவிலேயே எழுதலாம். ஆனால் தேறியவுடன் விசா கிடைத்துவிடாது. இந்தியர்க்கு அந்த வரிசை மிக நீளம். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் பணம் கேட்பவன் பாதி உண்மைதான் சொல்கிறான்.

ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே கதவு. பி1, பி2 என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் படிப்பையும் அவர்கள் படிப்பையும் ஒப்பிட்டு, குறையுள்ள இடத்தை எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் குறையைப் பயிற்சியாலோ தேர்வாலோ நிறைவு செய்யும் வரை உதவியாளாகத்தான் வேலை. அந்நாட்டில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது எல்லாம் படித்த நர்சின் வேலையே. நம் ஊரில் அதை உறவினரோ ஆயாவோ செய்வதால், போன பிள்ளைகள் முதல் மாதம், "இதற்கா படித்தேன்?" என்று அழுகிறார்கள். முன்பே தெரிந்துகொண்டு போனால் அழ வேண்டியதில்லை.

ஜெர்மனியைச் சொல்லும்போது ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. அது நம் திருச்சபையோடு சம்பந்தப்பட்டது. 1960-களில் கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். குருக்களும் கன்னியரும் வழிகாட்டி அனுப்பினார்கள். அங்கேயே மொழி கற்று, பயிற்சி பெற்று, ஆஸ்பத்திரிகளில் நல்ல பெயர் எடுத்தார்கள். 1973-இல் ஜெர்மனி வெளிநாட்டார் நியமனத்தை நிறுத்தியது. 1970-களின் பிற்பகுதியில் பலருக்கு வேலை அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். பத்தாண்டு சேவை செய்தவர்களும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. நல்ல கைகள்தான் அனுப்பின, நல்ல கைகளாகத்தான் உழைத்தார்கள். ஆயினும் அனுமதி என்பது அந்நாட்டு அரசின் கையில் இருந்தது. இதிலிருந்து நாம் கற்பது என்ன? அயல்நாட்டு விசா இன்று வரும், நாளை போகும். உங்கள் படிப்பும், தாய்நாட்டுப் பதிவும் உங்களோடு இருக்கும். அந்தப் பதிவைத் தவறாமல் புதுப்பித்து வையுங்கள்.

இன்றைக்கும் அதே கதைதான். சமீப ஆண்டுகளில், "நர்சுத் தேர்வு கடினம், முதலில் முதியோரைப் பராமரிக்கும் கேர் வேலை விசாவில் இங்கிலாந்து போய்விடு, பிறகு நர்சாகிக்கொள்ளலாம்" என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இனி எவன் பணம் கேட்டாலும் அது பொய் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, பணம். இங்கேதான் குடும்பங்கள் கவிழ்கின்றன.

1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வரம்பு விதித்திருக்கிறது. 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும், அவ்வளவே. அதையும் ரசீதோடுதான் வாங்க வேண்டும். இங்கிலாந்தின் நியமன நெறிமுறையோ, வேலை தேடும் நர்சிடம் கட்டணமே கேட்கக் கூடாது என்கிறது. ஏஜெண்டுக்கு அரசு உரிமம் உண்டா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். 1978-இல் தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள் என்பேன்.

ஈ.சி.ஆர். என்றால் நமக்குத் தெரிந்தது நம் ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டிலும் ஒரு ஈ.சி.ஆர். உண்டு. குடியேற்றச் சோதனை தேவை என்று அதற்குப் பொருள். சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அது பொருந்தும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அந்த முத்திரை விழாது. ஆனால் ஏமாற்று ஆள் எடுப்பு பெருகியதால், 2015-இல் மத்திய அரசு நர்சுகளுக்கு மட்டும், முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நாடுகளுக்குப் போகக் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று ஆணையிட்டது. "சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவன், இந்தப் பாதுகாப்பிலிருந்து உங்களைக் கழற்றிவிடப் பார்க்கிறான். அனுமதியோடு போகிறவர்க்கு அரசின் காப்பீடும் உண்டு, தூதரகத்தில் பெயரும் உண்டு.

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரம் தீவிரவாதிகள் கையில் விழுந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் கேரளத்தார். அந்த ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண். குண்டு வெடிக்கிற இடத்தில் இருந்துகொண்டும், அவர்களில் பலர் உடனே ஊர் திரும்பத் தயங்கினார்கள். ஏன்? போவதற்கு வாங்கிய கடன் தீரவில்லை, சம்பளப் பாக்கி வரவில்லை. பிறகு மோசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஜூலை 5-ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். கடவுள் காப்பாற்றினார். ஆனால் யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியைக் கண்டு வரும் பயத்தைவிடக் கடன்காரனை நினைத்து வரும் பயம் பெரிதாக இருந்ததே! ஒரு பெண்ணைக் கடன் சுமத்தி அனுப்புவது, திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டு அனுப்புவதாகும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் வெளிநாடு போனால் வீட்டுக்கு மாடி வரும், தம்பிக்குப் படிப்பு வரும், தங்கைக்குக் கல்யாணம் நடக்கும். எல்லாம் உண்மை. நானும் செய்தேன், சந்தோஷமாகச் செய்தேன். ஆனால் மகள் காய்க்கிற மரம் அல்ல. மாதம் முதல் தேதி மட்டும் போன் செய்யும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இரவுப் பணி முடித்துவந்து, பணம் அனுப்பிய ரசீதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, "என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை" என்று அழுத பெண்கள் என் அறையில் இருந்தார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை அவள் பெயரிலேயே போட்டுவையுங்கள். அது அவளுடைய திரும்பி வரும் டிக்கெட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனவர்களே உயர்ந்தவர்கள், இங்கே இருப்பவர்கள் தாழ்ந்தவர்கள் என்று யாரும் எண்ணக் கூடாது. 2023 மே மாதம் நம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, மரக்காணத்திலும், முண்டியம்பாக்கத்திலும், புதுச்சேரியிலும் அவர்கள் தலைமாட்டில் விழித்திருந்தவர்கள் யார்? இங்கே இருக்கும் நர்சுகள்தானே! போவதா இருப்பதா என்பது அவரவர் மனச்சாட்சியும் குடும்பச் சூழலும் தீர்மானிக்க வேண்டியது. போனாலும் இருந்தாலும் வேலை ஒன்றே. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிக்கொண்டு போனபோது அவன் எந்த ஊர்க்காரன் என்று விசாரிக்கவில்லை.

இறுதியாக, இந்த யூபிலி ஆண்டில் நம் பங்குக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, ஞானஸ்நானத்தின்போதே பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை உறுதிசெய்ய வேண்டும். இரண்டு, ஜெபமாலைக்குப் பிறகு வாரம் இருமுறை, ஒரு மணி நேரம், நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்க ஓர் இடம் வேண்டும். பாடம் சொல்லித்தர நான் இருக்கிறேன். கன்னியர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று, நம் பங்கைச் சேர்ந்த பதிவு பெற்ற நர்சுகள், ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும், ஒரு சிறு குழுவாகச் சேர வேண்டும். எந்தப் பெற்றோரும் பணம் கட்டும் முன் அந்தக் காகிதத்தைக் குழுவிடம் காட்டிவிட்டுக் கட்டட்டும்.

தங்க எழுத்துச் சான்றிதழ் கொண்டுவந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவள் அழுது முடித்த பிறகு அவள் அப்பாவை அழைத்துப் பேசினேன். ஜி.என்.எம். படிப்பில் 35 வயது வரை சேரலாம் என்பதை எடுத்துச் சொன்னேன். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் மீண்டும் முதலிலிருந்து சேர்ந்தாள். இப்போது கடைசி ஆண்டு. இந்தக் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள். பெயர் சொன்னால் வெட்கப்படுவாள், சொல்லமாட்டேன். ஆனால் அவள் பெயர் இன்று எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதை மட்டும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என் அம்மாவின் தோட்டை 1996-இல் மீட்டுக் கொடுத்தேன். காதில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டு, கண்ணாடி பார்க்காமல், நேரே கோயிலுக்கு வந்து மாதா முன் நின்றார். உங்கள் வீட்டுத் தாய்மார் எவரும் ஈர்க்குச்சியோடு நான்கு ஆண்டு பூசைக்கு வர வேண்டிய நிலை வரக் கூடாது. அதற்கு வேண்டியது பெரிய பணமல்ல. சரியான படிப்பு, ஒரே பெயர், உண்மையான காகிதம், கொஞ்சம் பொறுமை.

 இறைவன் நம் பிள்ளைகளைப் போகும்போதும் வரும்போதும் காப்பாராக.